மாடிக்குப் புதுசா வந்தவங்க

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவோட முட்டிவலி அவரைவிடச் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கீங்கன்னு நம்பித்தான் எழுதுறேன், இல்லைன்னா சொல்லு, போன்ல திட்டிக்கிறேன்.

நம்ம தெருவை இப்ப பார்த்தா உனக்கு அடையாளமே தெரியாது. எதிர்வீட்டு நாடகக் குழு காலி பண்ணிட்டுப் போய் அங்க காபிக் கடை வந்தாச்சு. கடைசி வீட்டுச் சிற்பி, டிரம்ஸ் வாசிக்கிறவர் எல்லாரும் வாடகை கட்டுப்படியாகாம ஊருக்கு வெளிய போயிட்டாங்க. வந்திருக்கிறதெல்லாம் கைநிறையச் சம்பளம் வாங்குற சின்னஞ்சிறுசுங்க, ஆளுக்கொரு நாய். முன்னாடி நான் நாடகக் குழுவுக்கு ராஜா உடுப்பு தைப்பேன், அந்த ராஜாவே கூலியை அப்புறம் தர்றேன்னு போவாரு. இப்ப ஆன்லைன்ல வாங்குன பேன்ட்டுக்கெல்லாம் நீளம் குறைக்கிறேன், காசு கையில வந்துடுது. வருமானம் கூடியிருக்கு கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். வேலைதான் சப்புன்னு இருக்கு.

மாடி விஷயம் சொல்றேன், கோவப்படாமப் படி. புரோக்கர் ஒரு ஜோடியைக் கூட்டிட்டு வந்து இப்ப வர்ற வாடகையை மூணு மடங்காத் தர்றதாச் சொன்னான். நீயும் எத்தனை நாளைக்கும்மா தர்மசத்திரம் நடத்துவேன்னு கேட்டே, அப்பாவுக்கும் மருந்துச் செலவு ஏறிட்டே போகுது. சரின்னு நானே மேல போய் நம்ம தாடி ஓவியர்கிட்ட மூணு மாசத்துல காலி பண்ணித் தரணும்னு சொல்லிட்டேன். பதினஞ்சு வருஷமா இருக்கிற மனுஷன் சண்டை போடுவாருன்னு பார்த்தா, சரிங்கக்கான்னு ஒத்தை வார்த்தைதான். மறுநாளே பிளேடை எடுத்துத் தரையில ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்ட உட்கார்ந்துட்டாரு. ஒரு வாரம் என் தையல் மெஷினுக்கு மேல சரக் சரக்னு அதே சத்தம். எனக்கு ஒரு தையல் நேரா விழலை.

ஞாயித்துக்கிழமை அந்த ஜோடி மாடியை அளவெடுக்க வந்துச்சு. பாதி சுரண்டுன தரையைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு, ஐயோ ஏன் சுரண்டுறீங்க, ஓவியருங்க இருக்கிற தெருன்னுதானே ஆசைப்பட்டு வர்றோம்னு கேட்டா. எனக்குப் பொறுக்கலை, அந்த ஓவியரைக் கிளப்பிட்டுத்தானேம்மா வர்றீங்கன்னு கேட்டுட்டேன். பாவம், அதுக்கு முகம் சுருங்கிப்போச்சு, அவங்களுக்கு யாரும் சொல்லலையாம். கேட்டப்புறம்தான் எனக்கே உறைச்சுது, கிளப்புனது நான்தானே.

அன்னைக்குச் சாப்பாட்டுல கையே வைக்கலை நான். அப்பாதான் இந்த வாடகையை வாய்கொள்ளாமச் சொல்லிட்டுத் திரிஞ்சவரு, தெரியுமில்ல. காலையில பார்த்தா உன் ரூம் கட்டிலைக் கழட்டிட்டு இருக்காரு, அந்த முட்டியை வெச்சுக்கிட்டு! என்னங்க இதுன்னு கேட்டா, மாடி அவங்களுக்கு, இந்த ரூம் தாடிக்கு, பழைய வாடகையே போதும், இவளை இனிமே நான் சமாதானம் பண்ணிக்கிறேன்னாரு. இவள்னா நீதான்.

ஆமாண்டி, உன் ரூமைக் குடுத்துட்டோம். உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டா வேண்டாம்பியோன்னு பயந்து கேக்கலை. உன் புத்தகம், பரிசுக் கோப்பையெல்லாம் மூணு பெட்டியில பத்திரமா இருக்கு. தாடி நன்றி சொல்வாருன்னு பார்த்தியா? வெளிச்சம் பத்தலையாம், ஜன்னல் திரையை எடுக்கச் சொல்றாரு! எடுத்துட்டேன்.

நீங்க வந்தா ஹால்ல எல்லாரும் ஒண்ணாப் படுத்துக்கலாம். கடவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டு, தள்ளிப் போடாதே. ரெண்டு பேரும் குறையில்லாம நீடூழி வாழணும். அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு, கோவம்னா அவர்கிட்ட காட்டணும், எங்கிட்ட வேண்டாம்னு எழுதச் சொல்றாரு.

உன் மேல உயிரையே வெச்சிருக்கிற,
அம்மா