செல்வியின் கால்களைப் பற்றி உனக்கு

என் அன்பான அழகம்மாவுக்கு,

பார்த்தாயா, உன் பெயரை நானே எழுதிவிட்டேன்! 'ழ' மட்டும்தான் வளைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் இத்தனை சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் முதல் கடிதத்தில் எழுத நல்ல சேதி இல்லையே.

நம் மகள் செல்விக்கு முதுகுத்தண்டுக்குள் கட்டி. கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே தலையில் லேசாகக் கரண்ட் கொடுப்பார்களாம். நரம்புப் பாதை சரியாக இருந்தால் கால் துடிக்கும். அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே டாக்டர் கட்டியை எடுப்பார்.

"பம்புசெட்டுல சுவிட்சப் போட்டுட்டு, வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாக்குற மாதிரியா?" என்று அந்த மிஷினைப் பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"அதேதான் தாத்தா" என்று சிரித்தாள்.

துடிப்பைப் பார்க்கக் காலில் ஊசி குத்த வேண்டும், மெட்டியைக் கழற்றுங்கள் என்றாள். செல்வி மறுத்துவிட்டாள். "தாலிச் சங்கிலியக்கூட கழட்டிட்டு மஞ்சக்கயிறு கட்டிட்டேன். மெட்டிய மட்டும் கேக்காதீக."

மாப்பிள்ளைதான் குனிந்து கழற்றினார். "ஏ புள்ள, நான் என்ன செத்தா போயிட்டேன்? என் கையாலயே திரும்பப் போட்டு விடுறேன்."

தட்டுத் தடுமாறினாலும் நடந்துதான் உள்ளே போனாள்.

பாதியில் டாக்டர் வெளியே வந்தார். "ரெண்டு காலும் துடிக்கல. நிறுத்திட்டுக் காத்திருந்து பாத்தோம், வரல. மீதிக் கட்டியத் தொடாம தையல் போடப் போறோம்" என்றார். துடிப்பு நின்றதை அந்த நொடியே காட்டிய மிஷினுக்கு, மறுபடி துடிக்க வைக்கத் தெரியாதா அழகம்மா?

மறுநாள் மாப்பிள்ளை சொன்னபடியே மெட்டியைப் போட்டு விட்டார். செல்வி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"கால்மாட்டுல எம்புட்டு நேரம் நிப்பீக? போட்டு விடுங்களேன்" என்றாள்.

"போட்டுட்டேன் புள்ள."



இப்போது மேலூரில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். மாப்பிள்ளை விடிந்ததும் கல் குவாரிக்குப் போய்விடுவார். புண் வராமல் அவளைப் புரட்டிப் படுக்க வைப்பது நான்தான். நடப்பாளா என்று டாக்டரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். மிச்சக் கட்டி வளர்கிறது என்கிறார்.

"ஒங்களுக்கு அப்பறம் என்னய யாருப்பா புரட்டிப் போடுவா?" என்று நேற்று கேட்டாள்.

நீ கண் மூடியபோது, பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று அழுதேன். அது வேண்டாம். அவள் இருக்கும்வரை நானே புரட்டிப் போட்டு, அவளை முதலில் உன்னிடம் அனுப்பிவிட்டுத்தான் நான் வருவேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன், செல்வியின் அப்பா,
பெரியகருப்பன்