வேப்பிலை கட்டிய கேட்டைத் திறந்து

கேட்டில் இன்று காலை வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். கீழ் வீட்டுப் பெண்ணுக்கு அம்மை. நேற்று மாலைதான் என் அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். அந்தக் கசப்பு வாசம் மாடிப்படி வரை வந்ததும் உன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

தருமபுரியில் கண் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது உன் பக்கத்து நாற்காலி கிடைத்தது. இருவருக்கும் ஒரே நோய்: கண்ணுக்குள்ளே அழற்சி. சிவந்து, வலித்து, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள், எதையும் எளிதில் நம்பாதவள். நீ கடத்தூரில் உரக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், யாரிடமும் பேசிவிடுவாய். இரண்டாவது சந்திப்பிலேயே "மேடம்" போய் நான் "புள்ள" ஆகிவிட்டேன்.

ஸ்டீராய்டில் உன் முகம் ஊதியபோது, "மருமவ நல்லா தேறிட்டான்னு எங்க மாமியா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க புள்ள" என்று சிரித்தாய். பிறகு வாரம் ஒரு முறை போடும் மாத்திரை வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று டாக்டர் விளக்கினார். "எங்க வூட்ல எனக்கு ஏதுங்க எதிர்ப்பு? இன்னும் என்னத்தக் குறைக்கறது?" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஈரல் கெடுமா, ரத்த அணு குறையுமா, புற்றுநோய் வருமா என்று துருவினேன். அவர் எதையும் மறைக்கவில்லை. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றார். "காய்ச்சலோ அம்மையோ வந்தா, அம்மை கண்டவங்க பக்கத்துல இருந்தாக்கூட, அன்னிக்கே வந்துடுங்க."

உனக்குப் பார்வை தேறியது. உர மூட்டையின் பொடி எழுத்தைப் போனிலேயே வாசித்துக் காட்டினாய்.

பங்குனியில் உனக்கு அம்மை கண்டது. "டாக்டர் சொன்னது நெனவிருக்கு புள்ள. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?" என்றாய். அதற்குள் உன் வீட்டுக்காரர் போனை வாங்கிவிட்டார். "ஆத்தா வந்திருக்கறாங்க. ஊசி போட்டா கோவிச்சுக்குவாங்க. மூணு தண்ணி ஊத்தட்டுங்க, அப்பறம் நாங்களே கூட்டிட்டுப் போறோம்."

கார் பிடித்து வந்தேன். நானும் அதே மாத்திரையில் இருந்ததால் உள்ளே நுழைய முடியாது. சத்தமாகப் பேசியறியாத நான் தெருவில் நின்று சண்டை போட்டேன். கதவு திறக்கவில்லை. முதல் தண்ணீர் ஊற்றும் முன்பே உனக்கு மூச்சுத் திணறியது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரல் கைவிட்டிருந்தது.

"அந்தக் கண்ணு மாத்திரதான் அவளக் கொன்னுடுச்சு" என்றார்கள் துக்க வீட்டில். இன்றும் அதையே சொல்கிறார்கள். மாத்திரையில் ஆபத்து இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இருந்தது. எப்போது வரும், வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று நமக்கு முன்பே சொல்லப்பட்டும் இருந்தது. கதவைச் சாத்தியவர்கள் மனிதர்கள்.

என் அம்மாவும் விடுவதில்லை. "அவளப் பாத்துமா உனக்குப் புத்தி வரல? நிறுத்துடி."

"நிறுத்துனா கண்ணு போயிடும்மா."

"உசுரு இருக்குமில்ல?"

"ரெண்டும் வேணும்."

இன்று காலை வாசலை மறித்து நின்றார். "ஆத்தா வந்து நிக்கற நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாடி?"

"அவங்க நிக்கட்டும். நான் போய்ட்டு வந்துடறேன்" என்று கேட்டைத் திறந்தேன்.

இதை மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்காக அழுது முடித்துவிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, அது தீர வேண்டாம். கால்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே அதுதான்.

பெயர் பதிகிற பெண் சற்று முன் நிமிர்ந்து பார்த்தாள். "கூட யாரும் வரலீங்களா மேடம்?"

"நானே வந்திருக்கேன்" என்றேன்.