டேங்க் மூடியில் திருமண்

10.6.97, செவ்வாய்

அம்பாசடரில் டீசல் இன்ஜின் ஏறிவிட்டது. மாமனார் வாங்கிய வண்டி, இருபத்து மூன்று வயது. வாரம் இரண்டு முறை இவரை டயாலிசிஸுக்குச் சென்னை கொண்டுபோய்க் கொண்டுவரப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. பஸ்ஸில் இவரால் முடியாது.

ஓரிக்கை ரோட்டு மெக்கானிக் பஞ்சாட்சரம் பதினோரு நாள் வேலை செய்தார். பழைய இன்ஜின் இருந்த இடத்தில் இது உட்காராதாம். தாங்குகிற கால்களை வெட்டி, புதிதாக வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை நகர்த்தி... பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தினமும் நின்று பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கியபின் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். கணக்குப் பேப்பரை நான்கூட இவ்வளவு பொறுமையாகத் திருத்தியதில்லை.

இன்ஜின் ஓடும்போது ஸ்க்ரூடிரைவர் முனையை அதன் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவராம். "இழை அறுந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும் மாமி. இதுவும் அப்படித்தான்." நெற்றி நிறைய விபூதி, அதன் மேல் கிரீஸ்.

14.6.97, சனி

முதல் பயணமே நின்றுவிட்டது. காஞ்சிபுரம் எல்லையில் இருக்கும் வெள்ளைகேட்டைக்கூடத் தாண்டவில்லை. போன் செய்ததும் பஞ்சாட்சரம் டிவிஎஸ் 50-ல் வந்தார். டீசல் ட்யூபில் ஒரு கிளிப் தளர்ந்து, காற்று புகுந்திருக்கிறது. "என் தப்பு மாமி" என்றார். சுற்றி வளைக்கவில்லை. எத்தனை பேருக்கு இப்படிச் சொல்ல வாய் வரும்?

ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். மச்சினர் ஸ்ரீகர் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

17.6.97, செவ்வாய்

கிளம்பும் நேரத்தில் இவர் திருமண் பெட்டியோடு வாசலில். வண்டிப் பூஜையன்று பானெட்டில் இட்டது போதவில்லை போலும். பின்னால் போய், டீசல் டேங்க் மூடியைத் துடைத்து, திருமண்ணைக் குழைத்து இட்டு, வெள்ளிக் குச்சியால் நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணமும் கோடாக இழுத்தார். கோடு ஒரு இழைகூடக் கோணவில்லை. "டீசல் போற வழியிலதானே கோளாறு? அங்கேயும் பெருமாள் இருக்கட்டும்."

எனக்கு மணி ஓடுகிறதே என்ற கடுப்பு. போய் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்துகொண்டேன்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் இழுவை குறைந்து, இருமி, நின்றது. வீட்டிலிருந்து 31 கிலோமீட்டர். டாக்ஸி பிடித்துப் போனோம்.

18.6.97

பஞ்சாட்சரம் வண்டியை எடுத்துவந்து ஃபில்டர் மாற்றினார். பம்ப்பையும் மாற்றுகிறாராம்.

20.6.97

தென்னேரி ஏரிக்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பினாராம். 44 கிலோமீட்டர், நிற்கவே இல்லையாம். டேங்க் மீட்டர் வேலை செய்யாததால் அங்கே மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசல் அளந்துகொண்டாராம். இந்த மனுஷர் கைவைத்தால் சரியாகத்தான் இருக்கும்.

21.6.97, சனி

சரியாக இல்லை. மறுபடி திருமண், மறுபடி தாமதம், ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழையும்போது நின்றது. 36 கிலோமீட்டர். ஆசாரியர் எம்பெருமானார் அவதரித்த ஊரில் நடுரோட்டில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் பானெட்டைத் திறந்து நிற்கிறேன். அரைமணி கழித்து அதுவாக உயிர் வந்தது. போகும்போதும் வரும்போதும் பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டேன், அப்புறம் நிற்கவில்லை.

ஸ்ரீகர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அந்த ஆள் ஏதோ காயலான் கடை இன்ஜினை உங்க தலையில கட்டிட்டான் மன்னி. இன்னொரு தரம் வழியில நின்னா அண்ணா எங்காத்துலதான். காஞ்சிபுரத்தைப் பூட்டிண்டு நீங்களும் மாம்பலம் வந்துடுங்கோ."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் பயம். பதினாறு வயதிலிருந்து வரதர் சன்னதி கோஷ்டியில் நின்று பிரபந்தம் சொல்கிற மனுஷர் இவர். டயாலிசிஸ் முடிந்து வந்த மறுநாள் காலையில்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கிறார். அதையும் பிடுங்கிவிட்டால் எந்த மெஷினாலும் இவரைக் காப்பாற்ற முடியாது. திரும்பும்போது இவர் வீடு வரும்வரை பிரபந்தத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

22.6.97, ஞாயிறு

பஞ்சாட்சரத்தை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். காயலான் கடை என்ற வார்த்தையும் வந்துவிட்டது. ச்சே. அவர் கோபிக்கவில்லை. எங்கெங்கே, எத்தனாவது கிலோமீட்டரில் நின்றது, எழுதி வைத்திருக்கிறேனா என்று மட்டும் கேட்டார். இந்த டைரியையே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன், திட்டியிருக்கும் இடங்களை விட்டுவிட்டு.

கையைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். "நான் ஓட்டினா ஓடுது. நீங்க ஓட்டினா நிக்குது. இன்ஜினுக்கு ஆள் தெரியுமா மாமி? செவ்வாக்கெழம நானும் வரேன்."

24.6.97, செவ்வாய்

எழுதியே ஆகவேண்டும்.

பஞ்சாட்சரம் முன்சீட்டில், காதைக் கொடுத்தபடி. இவர் பின்சீட்டில். சுங்குவார்சத்திரம் தாண்டி 33-ல் இழுவை குறைந்தது. பஞ்சாட்சரம் ஓரம் கட்டச் சொன்னார். இறங்கியவர் பானெட் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய், குனிந்து டேங்கில் காதை வைத்தார். பிறகு மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம்.

"டேங்க் மூச்சு விடல மாமி. இந்த மூடியில குண்டூசி முனையளவு ஓட்ட ஒண்ணு இருக்கும். டீசல் குறையக் குறைய அது வழியா காத்து உள்ள வரணும். அது அடைச்சிக்கினு இருக்குது. அதான் பம்ப்பால இழுக்க முடியல. தென்னேரில நான் மூடியத் தொறந்து பாத்தேன் இல்ல? அதால தப்பிச்சுது."

மூடியைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று காய்ந்து இறுகிய திருமண்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துடைத்துவிடுங்கள் என்றேன். அவர் ஓரடி பின்வாங்கினார். "சாமி போட்டது. நான் தொட மாட்டேன்." நெற்றி நிறைய விபூதியோடு சொல்கிறார்! சரி, நான் துடைக்கலாம் என்று முந்தானையை எடுத்தேன். என் கையும் போகவில்லை. இவரிடம் எப்படிச் சொல்வேன்? தன் வைத்தியத்தைத் தன் கையே தடுத்தது என்று தெரிந்தால் மனுஷர் திருமண் பெட்டியையே தொடமாட்டார்.

பஞ்சாட்சரம் பின்சீட்டைப் பார்த்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நல்ல தூக்கம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவருக்கு எதுக்கு மாமி சொல்லணும்? வேற ஓட்ட போட்டுக்கலாம்."

மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டினோம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ரீகரிடம் மூச்சு விடவில்லை. பத்து நிமிஷம் நிற்பதெல்லாம் நின்ற கணக்கில் வராது.

25.6.97

பஞ்சாட்சரம் மூடியின் விளிம்பில், திருமண்ணுக்கு ஒரு விரல் தள்ளி, ஊசி மாதிரி ட்ரில்லில் துளை போட்டார். திருமண்ணில் ஒரு பொட்டுகூட உதிராமல் இடதுகையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு போட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கிளிப் விஷயத்தில் தப்பு தன்னுடையதுதானே என்றார். பெரிய மனுஷர். உரக்கச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

28.6.97, சனி

போக 75, வர 75. நிற்கவில்லை. ஸ்ரீகர் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக் பெயர் என்ன என்று கேட்டார்.

1.7.97, செவ்வாய்

காலையில் கோஷ்டி முடித்து இவர் நேராக வண்டிக்கு வந்தார். வழக்கம்போல் மூடியைத் துடைத்துத் திருமண் இட்டார். முன்பெல்லாம் விளிம்பை நெருங்கும், இன்று நடுவில் சின்னதாக. ஸ்ரீசூர்ணக் கோடு இழுத்ததும், வெள்ளிக் குச்சியை வேஷ்டித் தலைப்பில் துடைத்தார். அதன் நுனியை விளிம்பில் இருக்கும் புதுத் துளைக்குள் விட்டு, மண் ஏதும் இல்லையே என்று ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொண்டார்.

நான் கைப்பையில் சாவியைத் தேடினேன். சாவி கையில்தான் இருந்தது.

"கெளம்பலாமா, ஸுபத்ரா?" என்றார். பின்சீட்டில் ஏறிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

நேரத்துக்குப் போனோம்.