உன் இடத்தை வரையாத படம்

என் மேசையில் இரண்டு கிழமையாக மண்ணெண்ணெய் மணக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் போட்டுத் துடைத்தும் போகவில்லை. உன் மனைவி றோசலின் உன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த இடம் அது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிளாஸ்டிக் பெட்டி. படகு நிற்கிற இடத்தை அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை நான்தான் அதற்குள் பூட்டித் தந்தேன். தண்ணீர் இறங்காமல் இருக்க நீ கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றியிருந்தாய். அதைக் கத்தியால் சுரண்டித் திறந்தேன். உன் எஞ்சினின் மணம் குப்பென்று வந்தது. ஒரு வருடம் மூடிக் கிடந்தும் அப்படியே இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இதற்குப் புதுப் பற்றரி போட்டுத் தரவேண்டும் என்றாள் றோசலின். உன் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து நாலாம் நாள் அது. தாழ்வுபாட்டுக் கரையில் கவிழ்த்துக் கிடந்த உன் படகை வங்காலையிலிருந்து வந்திருக்கும் அவளுடைய தம்பி இறக்கப்போகிறான். சோளகக் காற்றுத் தொடங்கிக் கடலுக்குப் போகமுடியாமல் ஆக இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் படகு தன் செலவையாவது உழைக்காவிட்டால் எஞ்சினோடு விற்பதைத் தவிர வேறு வழியில்லை, கேட்டு ஆளும் வந்துவிட்டது என்றாள். பிறகு கதிரையின் நுனிக்கு வந்து, உண்மையில் எதற்காக வந்தாளோ அதைக் கேட்டாள்.

"தம்பிக்கு இந்தப் பக்கத்துக் கடல் தெரியாது அண்ணா. அவர் மீனுக்குப் போன இடம் உங்கடை மெசினிலை இருக்குமாம். அதை ஒரு படமாய் எடுத்துத் தாங்கோ."

பற்றரி வாங்க வேண்டும், இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பினேன். பற்றரி என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு மட்டும்தான் விளங்கும்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. சாதாரண தரப் பரீட்சையோடு நீ படகில் ஏறினாய். நான் யாழ்ப்பாணம் போய்க் கணினி படித்துவிட்டு வந்து, மன்னார்ப் பட்டினத்தில் ஓர் அறை எடுத்து, முகம் தெரியாத கம்பனிகளுக்கு வேலை செய்கிறேன். பாலத்தில் பஸ் போகும்போது தண்ணீரைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். தீவில் பிறந்தும் கடல் ஒத்துவராத ஒரே ஆள் இவன்தான், மடு மாதாவுக்கு வைத்த நேர்த்தி ஏதும் பாக்கி இருக்கிறதோ தெரியாது என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் சிரிக்காமல் வந்தாய். முதல் நாள் நடுக்கடலில் உன் எஞ்சின் நின்றுபோய், இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வர, பொழுதுபட்டுத்தான் கரைக்கு வந்திருக்கிறாய். மத்தியானத்திலிருந்து றோசலின் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி மணலில் நின்றிருக்கிறாள். இனிமேல் அவள் அப்படி நிற்கக்கூடாது, என் படிப்பால் ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்டாய். அத்தனை வருடப் பழக்கத்தில் நீ என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

பைதன் என்ற கணினி மொழியில் இதற்கென்றே யாரோ எழுதிவைத்த நிரல்களின் லைப்ரரி ஒன்று இருக்கிறது. படகு நிற்கிற இடத்தின் இலக்கங்களைக் கொடுத்தால், சேர்வரில் இருந்தபடியே அது வரைபடத்தைச் சதுரம் சதுரமாக எடுத்து, நிலத்துக்கு மாபிள் பதிக்கிறதுபோல ஒட்டி, மேலே கோடும் புள்ளியும் போட்டு, முடிந்த படமாகத் தந்துவிடும். விரலால் நகர்த்துகிற வரைபடம் றோசலினின் பழைய போனுக்குச் சரிவராது. படம் வந்தால் பார்ப்பாள், அதற்குமேல் அவளை எதையும் அமத்தச் சொல்லாதே என்று நீயும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய்.

முதல் படம் ஞாபகம் இருக்கிறதா? அந்த லைப்ரரி முதலில் கிழக்குத் தூரத்தையும் பிறகு வடக்குத் தூரத்தையும் கேட்கும். நான் மாறிக் கொடுத்துவிட்டேன். உன் படகு வட துருவத்துக்குக் கிட்ட, பனிக்கடலில் போய் நின்றது. நீ போனை வாங்கிப் பார்த்துவிட்டு, றோசலினைக் கூப்பிட்டு ஒரு கம்பளிச் சட்டை பின்னித் தரச் சொன்னாய். திருத்திய படத்தைப் பார்த்தபோதும் உனக்குத் திருப்தியில்லை. கரையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒழுங்கைக்கும் பெயர் இருக்கிறது, இத்தனை பெரிய கடலுக்கு வெறும் நீல மை பூசி விட்டிருக்கிறார்கள் என்றாய். அந்த நீலத்துக்குள் உனக்குத் தெரிந்த பெயர்கள் எத்தனை என்று அன்று நான் கேட்கவில்லை.

உன்னைப் பார்த்து மீனவர் சங்கத்தில் இன்னும் ஏழு படகுகள் பெட்டி வாங்கின. வீட்டுக்காரிகள் எல்லோரையும் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு. படம் தானாக அதற்குள் போய் விழும். நான் கொஞ்சம் தலைகால் தெரியாமல் ஆடினேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு புள்ளி போதாது, அன்றைக்குப் போன பாதை முழுவதையும் கோடாகப் போட்டால் படம் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு கிட்டத்தில் காட்டவேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அந்த லைப்ரரி தானே அளந்து பார்த்து, கோடு அடங்குகிற அளவுக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போய்விடும். நான் சொல்லாமல் விட்டேன். ஆறு மணித்தியாலம் நீ நங்கூரம் போட்டு நின்ற இடம், நூல் சிக்குப்பட்டதுபோல ஒரு முடிச்சாகப் படத்தில் விழுந்தது. எட்டு வீட்டுப் போனிலும் விழுந்தது.

தவக்காலம், இறைச்சி விலக்கிய வீடுகளில் மீனுக்கு நல்ல கேள்வி. அடுத்த நாள் விடிய நீ உன் பாருக்குப் போனபோது, கடலுக்கடியில் நீ மட்டும் அறிந்திருந்த அந்தச் சின்னப் பாறைத்திட்டின்மேல், நாலு படகு நின்றது. ஒரு கிழமையில் அங்கே ஒரு மீனும் இல்லை. சோளகம்வரைக்கும் உன் குடும்பம் இருந்து சாப்பிட வேண்டிய இடம் அது.

அன்று நீ என் அறைக்கு வந்து கத்தவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வாசலில் நின்று சொன்னாய்: "நான் காட்டினால் அது குடுத்தது. நீ காட்டினால் அது களவு போனது. வித்தியாசம் விளங்குதே உனக்கு?"

மற்ற ஏழு பெட்டியும் அந்தக் கிழமைக்குள் திரும்பி வந்தன. எல்லோருக்கும் ஒவ்வொரு இடம் இருந்திருக்கிறது, என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் நான் பத்து நாள் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தாய். இரு என்று சொல்லவில்லை. றோசலின் கொண்டுவந்த பிளேன்ரீயை நின்றபடியே குடித்தேன். என்ன செய்தால் திரும்பப் பெட்டியைக் கொண்டுபோவாய் என்று கேட்டேன். தூண்டிலைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "அவவுக்கு நான் எங்கை நிக்கிறன் எண்டு தேவையில்லை மச்சான். வாறன் எண்டு தெரிஞ்சால் போதும்."

என் படிப்பில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அன்றே உட்கார்ந்து கோட்டை அழித்தேன். படத்தின் நடுவைக் கோயிலுக்கு முன்னால் உள்ள கரையில் அடித்து வைத்தேன். எவ்வளவு கிட்ட என்பதையும் ஒரே அளவாகப் பூட்டினேன். படகு கரைக்கு அரை மணித்தியால ஓட்டத் தூரத்துக்குள் வந்தால்தான் ஒரு பச்சைப் புள்ளி விழும், அதற்கு வெளியே வெறும் நீலம். அது வெறும் படம், யார் எவ்வளவு பெருப்பித்தாலும் வரையாத ஒன்று அதற்குள்ளிருந்து வராது. நீ படத்தைத் தூக்கிப் பிடித்து நன்றாகப் பார்த்தாய். அப்படியானால் போன இடங்கள் எல்லாம் எங்கே போகின்றன என்று கேட்டாய். ஆபத்து வந்தால் தேடுவதற்காகச் சேர்வரில் இருக்கும், என்னால் மட்டும்தான் பார்க்கமுடியும் என்றேன். "அப்ப பாக்காதை" என்றாய். பார்க்க மாட்டேன், ஒருவருக்கும் காட்டவும் மாட்டேன் என்று சொன்னேன். அதன்பிறகுதான் இரு என்றாய்.

எட்டுப் பெட்டியும் திரும்பக் கடலுக்குப் போயின. நீயும் எங்கேயோ ஒரு புது இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. நான் கேட்கவில்லை. பிறகு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய். மூன்று மாதம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது மீனைப் பற்றியும் பேசினோம், பிள்ளையின் படிப்பைப் பற்றியும் பேசினோம். அந்த இடத்தை யாரிடம் விடுவது என்று நீயும் சொல்லவில்லை, கேட்கிற துணிவு எனக்கும் வரவில்லை.

இப்போது றோசலின் கேட்கிறாள். ஒருவருக்கும் காட்டமாட்டேன் என்றேனே, அந்த ஒருவரில் அவளும் அடங்குவாளா? காட்டாவிட்டால் படகு போய்விடும். காட்டினால் இரண்டாம் தரமும் நான் உன்னிடம் களவெடுத்தவனாகிறேன். மூன்று நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு, மனச்சாட்சிக்கு ஒரு சாட்டுக் கண்டுபிடித்தேன். சங்கத்துப் படகுகள் எல்லாவற்றின் பாதையையும் ஒரே படத்தில் போட்டுப் பார்ப்பது, மற்றவர்களும் ஏற்கெனவே உன் இடத்துக்குப் போகிறார்கள் என்றால் அது இரகசியமே இல்லையே. ஆறு வரி எழுதினேன். உன் கோட்டுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு வெவ்வேறு நிறம்.

படம் வர நாலைந்து செக்கன் எடுத்தது. உன் சிவப்புக் கோடுகள் கரையிலிருந்து கிளம்பி ஓரிடத்தில் போய் முடிச்சு விழுந்திருந்தன. வேறு ஒரு படகும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரேயொரு மண்ணிறக் கோட்டைத் தவிர. அதைத் தனியே எடுத்து நாட்களைப் பார்த்தேன். நீ வருத்தமாக விழுவதற்கு முந்திய இரண்டு மாதத்தில் ஐந்து நாள், அந்த மண்ணிறக் கோடு உன் கோட்டுக்குப் பக்கத்திலேயே போய், உன்னோடேயே நின்று, உன்னோடேயே திரும்பியிருந்தது. உனக்குத் தெரியாமல் கலைத்துக்கொண்டு பின்தொடர்ந்து வந்த கோடு இல்லை அது. தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் பக்கத்தில்.

செபமாலை அண்ணனின் படகு. தமிழ்நாட்டு அகதி முகாமில் முப்பது வருடம் இருந்துவிட்டு, குடும்பத்தோடு திரும்பி வந்து, பழைய படகொன்றை வாங்கி, இந்தக் கடலைப் புதிதாகப் படித்துக்கொண்டிருந்த மனிதர். அன்று உன் முதல் பாரின்மேல் நின்ற நாலு படகில் அவருடையதும் ஒன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன்.

பின்னேரமே தாழ்வுபாட்டுக்கு வந்தேன். அவர் படகு நிழலில் இருந்து வலையில் சிக்கிய சிப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். உன் பாதையைப் பார்த்துவிட்டதை ஒளிக்காமல் சொன்னேன். தட்டுவதை நிறுத்திவிட்டு வலையைக் கீழே வைத்தார்.

"நான்தான் அவன்ரை வயித்திலை அடிச்சவன் தம்பி. அவனே வந்து வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனவன்" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நாள் சொன்னவன், என்ரை போட் திரும்ப இறங்கினால் நீங்கள் காட்டிவிடுங்கோ எண்டு. ஒரு வருசமாய்ப் போட் இறங்கேல்லை. புருசனைப் பறிகுடுத்த அந்தப் பிள்ளையட்டை நானாய்ப் போய் என்னெண்டு சொல்லுறது?"

வருகிற கிழமை இறங்குகிறது என்றேன். எழும்பிச் சாரத்தைக் கட்டினார். இருவருமாக உன் வீட்டுக்கு நடந்தோம்.

றோசலின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்குக்கூடச் சொல்லாத மனிசன் என்று முதலில் கோபித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தம்பியைக் கூப்பிட்டு அவருக்கு முன்னால் நிறுத்தினாள். கரையில் எந்த அடையாளம் எந்த அடையாளத்தை மறைக்கும்போது நங்கூரம் போடவேண்டும் என்று அவர்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கவும் நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். படம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அன்றே திரும்பி வந்து, சேர்வரில் இருந்த உன் பாதைகள் எல்லாவற்றையும் அழித்தேன். நான் வரைந்த அந்த ஒரு படத்தையும் அழித்தேன். படகு கரையைத் தொட்டதும் அன்றைய பாதை தானாக அழிகிற மாதிரி ஒரு மாற்றமும் செய்து, சங்கத்துக்குச் சொன்னேன். இந்தக் கிழமை இன்னும் மூன்று பேர் பெட்டி கேட்டிருக்கிறார்கள்.

முந்தாநாள் உன் படகு போனது. செபமாலை அண்ணனின் படகு முன்னால், உன்னுடையது பின்னால் என்று றோசலின் சொன்னாள். பதினொரு மணியளவில் என் போனில் படம் வந்தது, கோயிலுக்கு நேரே பச்சைப் புள்ளி. அது அவளுக்கும் வந்திருக்கும் என்று தெரிந்தும், எனக்குச் சொல்லவென்றே அழைப்பு எடுத்தாள். தம்பி வாறான் அண்ணா என்றாள். அவள் வீட்டில் அடுப்பு வேலையாக நின்றபடி பேசியது சட்டிச் சத்தத்தில் தெரிந்தது. மத்தியானம் ஒரு பையில் இரண்டு விளைமீன் வந்தது. படகை விலை கேட்ட ஆளுக்கு இல்லையென்று சொல்லியனுப்பிவிட்டாளாம்.

பார்க்காதே என்றாய், பார்த்துவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள். இடத்தின் இலக்கங்கள் இப்போதே மறந்துபோயின, இனி யார் கேட்டாலும் என்னால் காட்டமுடியாது. ஆனால் சிவப்பும் மண்ணிறமுமாக நீலத்துக்குள் சேர்ந்து போன அந்த இரண்டு கோடுகளும் போகவில்லை. யாரோடாவது கோபமாக இருக்கிற நாளில் கண்ணுக்குள் வந்து நிற்கின்றன. அதன்பிறகு அதிக நேரம் கோபமாக இருக்கமுடிவதில்லை.