மூடும் முன் கேட்காத பக்கம்

எல் ஆல்ட்டோ,
அக்டோபர் 9

அன்புள்ள எல்விரா அக்காவுக்கு,

தம்பி ரெமி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். புவெனஸ் ஐரிஸில் நீ தைக்கும் பட்டறையில் இப்போது குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். சந்தைக் கடையை மட்டும் விடுவதாக இல்லை. உருளைக்கிழங்கு மூட்டையை நான் தூக்கப் போனால், "கம்ப்யூட்டர் தட்டுற கை, சுளுக்கிக்கப் போவுது" என்று கேலி செய்கிறாள்.

கையால் எழுதியிருக்கிறேனே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அடுத்த வீட்டு சுல்மா அங்கே மகளைப் பார்க்க வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய விஷயம் அக்கா. மாதா திருவிழா ஊர்வலத்துக்கு நடனக் குழுக்கள் பெயர் பதிவதற்கான இணையப் பக்கத்தைச் செய்தவன் நான். முதலில் தட்டிப் பார்த்தவள் நீ. மூடப் போகும்போதெல்லாம், எழுதியது சேமிக்கப்படவில்லை, வெளியேறவா என்று அது கேட்டது. நீ ஓர் எழுத்துகூட எழுதாதபோதும் கேட்டது. "என்னடா இது, கொல்லைப்பக்கம் போனாக்கூட எங்க போறன்னு கேக்குற மாமியார் மாதிரி" என்று சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது.

எழுதியது சேமிக்காமல் கிடந்தால் மட்டும் கேட்கும்படி மாற்ற அரைநாள் வேலை. அன்று சனிக்கிழமை, பந்தாட்டம் வேறு இருந்தது. அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டுக் கிளம்பிப் போனேன். திங்கட்கிழமை சரிசெய்யலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை.

பதிவின் கடைசி நாளன்று நம் குழுவின் நூற்று எண்பது பேரையும் மதியம் முழுக்க உட்கார்ந்து நீ ஏற்றினாய். ஐந்தரை மணிக்கு வேறொரு பக்கத்தை மூடப் போய் அதை மூடிவிட்டாய். தப்பாக அழுத்தினாலும் அது கேட்கும் என்ற நம்பிக்கையில்தான் உன் கை அவ்வளவு வேகமாகப் போயிருக்கும். அது கேட்கவில்லை, ஏற்றியதெல்லாம் அழிந்துபோனது. நீ மறுபடி முதலிலிருந்து அடித்தாய். பாதி ஏற்றுவதற்குள் ஆறு மணிக்குப் பதிவை மூடிவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் முன்வரிசையில் ஆடிய அப்பா, அந்த வருடம் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்ற குழுக்கள் ஆடியதைப் பார்த்தார்.

அதுவரை நடந்தது என் சோம்பல். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. குழுக் கூட்டத்தில் எல்லோரும் உன்மேல் பாய்ந்தபோது, பேண்டுவாத்தியம் எலோய் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, மூடுறதுக்கு முன்னாடி அது ஒரு வார்த்தை கேக்காதா?" என்றார். "கேக்குமே. படிக்காம அழுத்தியிருப்பா" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அது கேட்கவே இல்லை என்று நீ சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தக் கேள்வியைத் திரும்பப் போட்டது. யாராவது சோதித்துப் பார்த்தால் நீதான் பொய் சொன்னாய் என்று ஆகட்டும் என்றுதான் போட்டேன்.

நீ ஊரை விட்டுப் போனபின் அப்பா உன் போனை எடுக்கவே இல்லை. "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிடும் அவளுக்கு?" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருப்பேன். பிப்ரவரியில் அவர் கண்ணை மூடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. நீ வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

இந்த எட்டு மாதத்தில் உனக்கு எத்தனையோ மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். பாதியில் மூடப் போவேன். சேமிக்காத கடிதம் இருக்கிறது, வெளியேறவா என்று எங்கள் அலுவலக அஞ்சல் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கேட்டது. ஒவ்வொரு முறையும் வெளியேறினேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "எங்கிட்ட எதுக்குடா சொல்ற? அவகிட்ட சொல்லு. அப்புறம் ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, தட்டு மட்டும் வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குழுவிலும் எழுந்து நின்று சொல்லப் போகிறேன்.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்கள் வீடு திரும்பும் திருநாளில், நண்பகலில் அப்பாவும் வருகிறார். அவருக்கு நாம் வைக்கும் முதல் படையல் மேசை இது. வேர்க்கடலை சூப்பும் ரொட்டியும் அம்மா செய்கிறாள், கரும்பு நான் வாங்குகிறேன். மறுநாள் நண்பகலில் அவர் கிளம்பிவிடுவார். அந்த ஒரு நாளுக்குள் அவரிடம் நான் சொல்லியாக வேண்டும். நீ எதிரில் இல்லாமல் எப்படிச் சொல்வேன்? நீ இல்லாத இடத்தில் நான் சொல்வதை இனி அவர் நம்பக் கூடாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. என்னோடு நீ பேசக்கூட வேண்டாம். பேருந்துச் சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். மாதா உனக்கு வழித்துணையாக இருக்கட்டும். உன் நாற்காலியை அப்பாவின் வலப்பக்கம் போடுகிறோம். பன்னிரண்டு அடித்தால் அவர் வந்துவிடுவார். அதற்கு முன் நீ வந்துவிடு அக்கா.

இப்படிக்கு,
உன்மேல் பழி போட்ட தம்பி
ரெமி