பதினான்காம் பேட்டியை அழிக்கக் கோரி

அனுப்புநர்:
யெர்னெய் ருப்னிக்,
(பிப்ரவரியில் முனைவர் படிப்பை விட்டவன்)
ஷிஷ்கா, லியுப்லியானா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
கோலோவெட்ஸ் ஐரோப்பிய ஆய்வு நிறுவனம்,
லியுப்லியானா.

பொருள்: ஏழு நாட்டுக் கூட்டாய்வின் அறிக்கையிலிருந்து பதினான்காம் பேட்டியை நீக்கி, ஒலிப்பதிவை அழிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய அம்மா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

1. ஐரோப்பிய ஒன்றியக் கூட்டங்களுக்குப் போகும் நம் நாட்டு அதிகாரிகள் யார் சொல்கேட்டுப் பேசுகிறார்கள் என்பது அந்தக் கூட்டாய்வில் என் பங்கு. அமைச்சகத்தில் பலர் பத்து நிமிடம் தந்தார்கள். பதினான்காமவர் மட்டும் பேருந்து நிலையத்தில் பூரெக் பலகாரம் வாங்கிப் பாதியை என்னிடம் நீட்டி, இரண்டு மணி நேரம் பேசினார். "பேரு போட்டுடாதே தம்பி. எங்க பிரிவுல நானும் காப்பி மெஷினும்தான்" என்றார். போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

2. பெயர் போடவில்லை. ஆனால் கூட்டாய்வின் பொதுப் படிவத்தில் பிரிவு, பாலினம், பணியாண்டு மூன்றையும் நிரப்பினேன். கட்டம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும். பெரிய நாடுகளில் அந்த விவரத்துக்கு நாற்பது பேர் பொருந்துவார்கள். இங்கே ஒருவர்தான். எனக்கு அது உறைக்கவில்லை. தவறு என்னுடையது.

3. ஜனவரி கடைசியில், படிவ விவரங்களைப் பேட்டி எண்ணோடு தொகுத்த அட்டவணை, கருத்துக் கேட்பதற்காக அமைச்சகத்துக்கே போயிற்று. மறுநாள் அவர் தொலைபேசியில் சொன்னது: "கேன்டீன்ல 'வாங்க பதினாலு'ன்னு கூப்புட்டுச் சிரிக்கிறாங்க. உன்னை நம்புனேனே தம்பி. இனிமே கூப்பிடாதே." நான் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் படிப்பை விட்டேன்.

4. அவர் பேசியது இன்னும் வெளியாகவில்லை. மேலிடத்து உத்தரவு வராத நாட்களில் தானே முடிவெடுத்து, அதையே நாட்டின் நிலைப்பாடாகக் கூட்டத்தில் சொன்னதாக அவர் கூறியிருக்கிறார். மே 20 அன்று முழு அறிக்கையில் அது வந்தால், சிரிப்பு விசாரணையாகும். இருபது வருட வேலை போகும்.

5. என் நெறியாளராக இருந்த பேராசிரியர் ட்ராகோ மெஹ்லேயிடம் போனேன். "படிவத்தை நெரப்புனது நீதானப்பா. இப்ப நீ மாணவனே இல்ல, உன் பேச்சை நான் எந்தக் கணக்குல எடுத்துக்க?" என்றார். விதிப்படி, பேட்டியைத் திரும்பப் பெறப் பதிவுள்ள ஆய்வாளரோ பேட்டி தந்தவரோ கையெழுத்திட வேண்டுமாம். பேட்டி தந்தவர் கையெழுத்திட்டால் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்ததாகும். மிஞ்சியது நான், எனக்கு அங்கே நாற்காலிகூட இல்லை. பழைய அறையில் என்னோடு இருந்த ஆய்வு மாணவர் நால்வரும் என்னைக் கண்டால் திரையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே தங்கள் குழுவே முடிவெடுத்து, மே 20க்கு முன் அந்தப் பேட்டியையும் அட்டவணையில் அதன் வரியையும் நீக்கி, ஒலிப்பதிவை அழிக்குமாறு மன்றாடுகிறேன். என் பெயரை அறிக்கையிலிருந்து எடுப்பதானாலும் எடுங்கள்.

அழித்த செய்தியை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம். தங்கள் முத்திரையோடு ஓர் உறை அவர் மேசைக்குப் போனாலே போதும், காட்டிக்கொடுத்துவிடும். என்னாலும் சொல்ல முடியாது. அவர் என்னை வாக்குத் தவறியவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அழித்துவிடுங்கள்.

இடம்: லியுப்லியானா
நாள்: 9 ஏப்ரல் 2019

இப்படிக்கு,
பணிவுடன்,
யெர்னெய் ருப்னிக்
(கையொப்பம்)