உன் மூச்சுக்கான இடம்

என் இரண்டாம் ஓபோக் குழலுக்கு,

ஹூசும் ஊர்க் கடற்காற்றில் இருமல் குறைந்ததா? உன் அக்கா தரும் இறால் ரொட்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

இன்று நான் வாசித்தபடியே குழுவை நடத்திய ஒத்திகையில், உனக்குப் பதிலாக உன் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் விப்கே கேட்டாள்: "நடுவுல ஏன் எல்லாரையும் நிறுத்துறீங்க? எனக்குத்தான் மூச்சு தாராளமா இருக்கே!"

செல்லோ வாசிக்கும் கெர்னோட் முணுமுணுத்தான்: "அந்த மூச்சு உனக்கில்லம்மா."

எல்லோரும் அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நிறுத்தாமல் ஒருமுறை நடத்திப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீ மூச்சு வாங்கும் இடத்தைத் தாண்டியதும், உன்னைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரியிலும் அங்கே நிறுத்தத்தான் போகிறேன். நீ அவசரப்படாமல் மூச்சு எடுத்துக்கொள்.

காத்திருக்கும்,
உன் முதல் ஓபோ